ஒரு பசு ஈன்ற சொல்

அந்தக் காலத்தில், மாடுகளும் பறவைகளும் மனிதர்களைப் போலவே பேசிக்கொண்டிருந்தன. மனிதர்களைவிடக் கொஞ்சம் குறைவாகப் பேசின, அவ்வளவுதான் வித்தியாசம். வெகு மேற்கே, லத்தீன் மொழி வழங்கிய லாத்தியம் என்ற நாட்டில், ஓர் ஆற்றங்கரையில் நாற்பது குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்ந்துவந்தன. அந்த ஆறு மூன்று மழைக்காலம் தொடர்ந்து கரையை உடைத்தது. மூன்றாவது முறை ஏழு பேரைக் கொண்டுபோய்விட்டது. இனித் தாங்காது, ஊரையே பக்கத்துக் குன்றின்மேல் மாற்றிவிடுவோம் என்று முடிவு செய்தார்கள்.

ஊரை மாற்றுவது என்றால் சட்டிபானையைத் தூக்கிக்கொண்டு போய் இறங்குவது இல்லை. அதற்கு ஒரு முறை இருந்தது. ஒரு வெள்ளைக் காளையையும் ஒரு வெள்ளைப் பசுவையும் ஒரே நுகத்தில் பூட்டி, ஊர் எல்லை முழுக்க ஒரே உழவுச்சாலாக உழ வேண்டும். பசு ஊர்ப்பக்கம் நடக்கும், காளை வெளிப்பக்கம் நடக்கும். வாசல் வரப்போகிற இடத்தில் மட்டும் கலப்பையைத் தூக்கிச் சுமந்து, அந்தப் பக்கம் கொண்டுபோய் இறக்க வேண்டும். பிறகு அந்தச் சாலின் மேலேயே மதில் எழும்.

இதில் கெடுபிடியும் உண்டு. உழவு தொடங்கிய நேரத்திலிருந்து சாலின் இரண்டு முனையும் சேரும்வரை ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மாடும் திறக்கக் கூடாது. ஒரு சொல் விழுந்தாலும் உழவு செல்லாது. அதன்பின் அடுத்த வசந்தம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் மழை வந்துவிடும், மழையோடு ஆறும் வந்துவிடும். முறையாக உழுது முடித்த மாடுகளின் கழுத்தில் அதற்குமேல் நுகமே வைக்க மாட்டார்கள். சாலை விட்டு விலகிய மாட்டை அன்று மாலையே பலி கொடுத்துவிடுவார்கள்.

ஊர்த்தலைவர் பெயர் மாமர்கஸ். நல்ல மனிதர்தான். வெள்ளத்தில் மூன்று குழந்தைகளைத் தோளில் போட்டுக்கொண்டு நீந்தி வந்தவர். ஆனால் பறவைக்குறி பார்ப்பதில் அவருக்கு ஒரு பித்து இருந்தது. எந்தப் பறவை எந்தப் பக்கம் பறந்தது, எந்தக் கிளையில் உட்கார்ந்தது என்று பார்த்து அதற்கு அர்த்தம் சொல்லாமல் அவர் பல்கூடத் தேய்க்க மாட்டார். பறவைகள் வாய் திறந்து பேசுகிற காலத்தில், அந்தப் பறவையையே கூப்பிட்டு "ஏம்ப்பா அங்க உட்கார்ந்தே?" என்று கேட்டிருக்கலாம். அந்த ஊரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. குறியைப் பறவையிடமே கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்தார்கள்.

உழவுக்குத் தேர்ந்தெடுத்தது ஒபிட்டர் என்பவனின் பசு. பெயர் ஆல்பா. வெள்ளை என்று அர்த்தம். அவளுக்கு ஏற்ற பெயர்தான். மூக்கு நுனியைத் தவிர உடம்பில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. நடந்து வந்தால் நாலு பேர் ஒதுங்கி வழிவிடுகிற நடை அவளுக்கு. ஒபிட்டர் அவளைத் தட்டி ஓட்டியதே இல்லை. அவள் போவாள், இவன் பின்னால் போவான். ஒபிட்டரின் மனைவி திதியாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். மழை தொடங்கும் நேரத்தில் பிரசவம் என்று கணக்கு. போன வெள்ளத்தில் போன ஏழு பேரில் அவளுடைய அக்காவும் ஒருத்தி.

முந்தின நாள் திதியா ஆல்பாவின் கழுத்தைச் சொறிந்துகொண்டே சொன்னாள்: "இந்தப் பிள்ளையை நான் மதிலுக்கு உள்ளே பெக்கணும் ஆல்பா. ஆத்தோரத்துல முடியாது."

"உள்ளேயே பெறுவே," என்றாள் ஆல்பா. "நான் போடுற கோட்டுக்கு உள்ளே."

காளை உள்ளூர் இல்லை. உள்ளூரில் வெள்ளைக் காளை அமையாததால் அடுத்த ஊரிலிருந்து நிவியுஸ் என்ற காளையை வரவழைத்திருந்தார்கள். வாட்டசாட்டமான ஆள். ஆல்பாவை முதல் பார்வையிலேயே "அக்கா" என்று கூப்பிட்டு, அவள் காட்டிய இடத்தில் நின்றுகொண்டது.

உழவு நாள் விடிந்தது. குன்றைச் சுற்றி மாமர்கஸ் ஏற்கனவே முளைக்குச்சி அடித்து வைத்திருந்தார். கொட்டகையில் ஆல்பாவைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், குன்றின் வடக்குச் சரிவில் ஒரு மரங்கொத்தி பறந்து வந்து, எல்லைக் குச்சிக்கு வெளியே இருபது அடி தள்ளி நின்ற பெரிய ஓக் மரத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கொத்தியது. மாமர்கஸ் அப்படியே நின்றுவிட்டார்.

"பாத்தீங்களா? இந்த மரமும் ஊருக்குள்ளே வரணும்னு சொல்லுது," என்றார்.

உடனே வடபக்கத்துக் குச்சிகளைப் பிடுங்கி ஓக் மரத்துக்கு அப்பால் அடித்தார்கள். அதன் பிறகுதான் மாடுகளை ஓட்டிவந்து பூட்டினார்கள். மாமர்கஸ் கையை உயர்த்தினார். ஊர் வாய் மூடியது. குழந்தைகள் அழாமலிருக்க அவர்கள் வாயில் பாலாடைக்கட்டியைத் திணித்தார்கள். ஒபிட்டர் கலப்பையின் மேழியைப் பிடித்தான்.

கிழக்குப் பக்கம் நேராக முடிந்தது. தெற்கில் கலப்பையைத் தூக்கி வாசல் விட்டார்கள். மேற்கிலும் அப்படியே. சும்மா சொல்லக் கூடாது, நூல் பிடித்தது போன்ற சால். பின்னால் வந்தவர்கள் வெளியே சிதறிய மண்கட்டிகளை எடுத்து உள்ளே போட்டுக்கொண்டு வந்தார்கள். வடக்குப் பக்கம் திரும்பும்போதுதான் ஆல்பா குச்சிகளைப் பார்த்தாள். அவை இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

அந்த ஓக் மரத்தடியை ஆல்பாவுக்குத் தெரியும். அந்தக் குன்றில் அவளைவிட அதை அறிந்தவர் யாருமில்லை. போன கோடையில் அங்கே மேய்ந்தபோது அவளுடைய கன்றின் பின்னங்கால் தரைக்குள் இறங்கிவிட்டது. மேலே புல், கீழே ஒன்றுமில்லை. கன்று காலை இழுத்துக்கொண்டு வெளியே வர ஒரு பகல் ஆனது. ஆல்பா ஒரு பகல் முழுக்க அதை நக்கிக்கொண்டே நின்றாள். பிறகு குளம்பால் தட்டித் தட்டிப் பார்த்து, அந்த மரத்தைச் சுற்றி எதுவரை மண் கெட்டி, எங்கிருந்து பொள்ளல் என்று தெரிந்துகொண்டாள். மந்தையில் எல்லா மாட்டுக்கும் சொல்லி வைத்தாள். மனிதர்களிடம் சொல்லத் தேவை வரவில்லை. ஊர் எல்லைதான் இந்தப் பக்கமே வரவில்லையே.

இப்போது வந்துவிட்டது. இந்தக் கோட்டில் மதில் எழுந்தால் மதிலோடு வடபக்கத்து வீடுகளும் ஒருநாள் மண்ணுக்குள்ளே போய்விடும். வடபக்கத்தில்தான் ஒபிட்டருக்கும் திதியாவுக்கும் மனை ஒதுக்கியிருந்தார்கள்.

வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் அந்த ஒரு வார்த்தையில் இந்த ஆண்டு உழவு செத்துவிடும். நாற்பது குடும்பமும் ஆற்றங்கரையிலேயே இன்னொரு மழைக்காலம் கிடக்கும். சொல்லாமல் குச்சி வழியே நடந்தால் அவள் கழுத்துக்கு விடுதலை, வாழ்நாள் முழுக்கப் புல். சொல்லாமல் விலகி நடந்தால் பலி. ஆல்பா இதையெல்லாம் மூன்று அடி நடப்பதற்குள் யோசித்து முடித்தாள். நாலாவது அடியை உள்பக்கமாக எடுத்து வைத்தாள்.

ஒபிட்டர் அதிர்ந்துபோனான். அவள் ஒருநாளும் கோணியவள் இல்லை. மேழியை வெளிப்பக்கம் அழுத்தினான். அவள் கேட்கவில்லை. முதல் முறையாக அவள்மேல் தாற்றுக்கோலை எடுத்தான். ஒரு குத்து, இரண்டு குத்து. வெள்ளைத் தோலில் ரத்தம் இறங்கியது. அவள் கழுத்தை இன்னும் தாழ்த்தி நிவியுஸையும் சேர்த்து இழுத்தாள். நிவியுஸ் கண்ணை உருட்டிக்கொண்டு கூடவே போனது. அப்போது கலப்பையின் கொழு எதிலோ பட்டது. கல்லில் பட்ட சத்தம் இல்லை. அடியில் இருந்து டொம் என்று ஒரு சத்தம், ஒபிட்டரின் உள்ளங்கை வழியே தோள்வரை ஏறியது. அவன் தாற்றுக்கோலைத் தூக்கி எறிந்துவிட்டு அவள் இழுத்த பக்கமே மேழியைச் சாய்த்தான்.

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவராலும் ஏன் என்று கேட்க முடியவில்லை. மாமர்கஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கன்னம் உப்பி, கழுத்து நரம்பு புடைத்து, திட்டவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் கூடவே ஓடினார். கையைக் காலை ஆட்டி, குச்சிகளைக் காட்டினார். ஆல்பா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொள்ளலைச் சுற்றி ஒரு வளைவு வளைத்து, ஓக் மரத்தை வெளியே தள்ளி, கெட்டி மண்ணிலேயே நடந்து மறுபடி கோட்டுக்கு வந்தாள். தொடங்கிய இடத்தில் சாலின் முனையும் முனையும் சேர்ந்தன. உழவு செல்லுபடியாகிவிட்டது.

சேர்ந்த அடுத்த நொடி மாமர்கஸின் வாய் வெடித்தது.

"தேலீரத்" என்று கத்தினார். "தேலீரத், தேலீரத்."

லத்தீனில் 'லீரா' என்றால் சால் ஓரம் எழுந்து நிற்கும் மண்வரி. 'தே' என்றால் ஒன்றை விட்டு அப்பால். அதுவரை அவை இரண்டும் தனித்தனியாகப் பிழைத்துக்கொண்டிருந்த சொற்கள். கால் பகல் அடக்கி வைத்திருந்த கோபத்தில் மாமர்கஸ் இரண்டையும் ஒட்டிவிட்டார். 'இவள் வரியை விட்டு விலகிவிட்டாள்' என்பதுதான் அவர் சொன்னது. பிறந்த நேரத்தில் அதற்கு வேறு எந்த அர்த்தமும் இல்லை.

ஆல்பாவை அவிழ்த்து ஒரு கட்டையில் கட்டினார்கள். இனிப் பேசலாம் என்பதால் அவளே பேசினாள். "ஓக் மரத்தடி பொள்ளல், தலைவரே. அங்கே மதில் நிக்காது."

"மரங்கொத்தி வந்து சொல்லியிருக்கு, நீ என்ன புதுசா சொல்றே?" என்றார் மாமர்கஸ். "சாலை விட்டு விலகினே. முறைன்னு ஒண்ணு இருக்கு. சால் சேர்ந்தாச்சு, இனி கோணலைத் திருத்த முறையிலே இடம் உண்டு. வேற ஜோடி பூட்டி அந்தப் பக்கத்தைத் திரும்ப உழுது மரத்தை உள்ளே சேர்ப்போம். உன்னைச் சாயங்காலம் அந்த மரத்தடியிலேயே பலி கொடுக்கணும்."

நிவியுஸைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். "நான் அடுத்த ஊருங்க," என்றது அது. "நுகம் போன பக்கம் போனேன்."

ஒபிட்டர் முன்னால் வந்தான். "தலைவரே, கையிலே பட்டுச்சு. மண்ணு அடியிலே டொம்முன்னு கேட்டுச்சு. அவ சொல்றது சரிதான்."

மாமர்கஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மாடுதான் விலகுச்சுன்னா நீயுமா? தேலீரத்," என்றார். கூட்டம் சிரித்தது. ஒரு மனிதனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்த முறை அதில் சாலும் இல்லை, மண்வரியும் இல்லை. இவனுக்குப் புத்தி தடம் மாறிவிட்டது என்பது மட்டும்தான் இருந்தது. ருசியான சொல். வாயில் போட்டுப் பார்த்தார்கள், பிடித்துவிட்டது. மதியத்துக்குள் பக்கத்து ஊர்வரை போய்விட்டது. கூழைக் கொட்டிய மருமகளுக்கும், வேலி தாண்டிய ஆட்டுக்கும், ஒரே கதையைத் திரும்பச் சொல்லும் மாமனாருக்கும் தேலீரத்.

ஒபிட்டர் ஆல்பாவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அவளுடைய விலாவில் தாற்றுக்கோல் குத்திய இடத்தைக் கையால் மூடிக்கொண்டான். திதியா தண்ணீர் கொண்டு வந்தாள். "எங்களுக்காகவா இப்படிப் பண்ணினே?" என்று கேட்டாள்.

"நான் போடுற கோட்டுக்கு உள்ளேன்னு சொன்னேன் இல்லையா," என்றாள் ஆல்பா. "நான் போட்டது நல்ல கோடு. அதுல எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை."

மாலையானது. பலி கொடுக்கப் பலிபீடம் வேண்டும். ஆற்றங்கரையிலிருந்து பழைய பீடக்கல்லை மரஉருளைகளின்மேல் வைத்துக் குன்றுக்கு ஏற்றி வந்திருந்தார்கள். எருது உயரக் கல். பன்னிரண்டு பேர் முன்னால் கயிறு பிடித்து ஓக் மரத்தடிக்கு இழுக்கத் தயாராக நின்றார்கள். ஒபிட்டரையும் அதில் நிறுத்தியிருந்தார்கள். மாமர்கஸ் மரத்தடியில் நின்றுகொண்டு, இங்கே வரட்டும் என்று கையைக் காட்டினார். அப்போது கட்டையில் கட்டியிருந்த ஆல்பா குரல் கொடுத்தாள்.

"சாகப்போறவ ஒண்ணு கேக்கலாமா?"

"கேள்," என்றார் மாமர்கஸ். அதுவும் முறையில் இருந்தது.

"கல்லை முன்னால நின்னு இழுக்காதீங்க. எல்லாரும் பின்னால நின்னு தள்ளுங்க. அவ்வளவுதான்."

சிலர் சிரித்தார்கள். இதுவா ஒரு மாட்டின் கடைசி ஆசை என்று கேட்டார்கள். ஒபிட்டர் சிரிக்கவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கல்லுக்குப் பின்னால் போய் நின்றான். கடைசி ஆசையை மறுத்தால் ஊருக்கு ஆகாது என்று மற்றவர்களும் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார்கள். தள்ளினார்கள். கல் மரநிழலுக்குள் நுழைந்தது. இன்னொரு தள்ளு தள்ளினார்கள்.

தரை டொம் என்றது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. பிறகு கல் அங்கே இல்லை. புல்லும் இல்லை. கிணறு போல ஒரு வாய் திறந்து, பீடக்கல்லை விழுங்கி, வெகுநேரம் கழித்துக் கீழே தண்ணீரில் ஒரு சத்தம் கேட்டது. ஓக் மரம் முனகிக்கொண்டே சாய்ந்தது. முன்னால் பன்னிரண்டு பேர் நின்றிருந்தால் பன்னிரண்டு பேரும் போயிருப்பார்கள். பின்னால் நின்ற பன்னிரண்டு பேரும் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். மாமர்கஸ் மட்டும் பள்ளத்தின் ஓரத்தில், மரத்தின் வேர் ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்.

கயிறு எங்கே என்று தேடினார்கள். இழுக்க வைத்திருந்த கயிறு கல்லோடு போய்விட்டது. மிச்சமிருந்த ஒரே கயிறு ஆல்பாவைக் கட்டியிருந்தது. ஒபிட்டர் கட்டையிலிருந்து அதை அவிழ்த்து, ஒரு முனை அவள் மார்பைச் சுற்றியே இருக்க, மறுமுனையை மாமர்கஸிடம் வீசினான். "போ தாயி," என்றான். ஆல்பா நடந்தாள். இந்த முறை கொஞ்சமும் விலகவில்லை. மதில் வரப்போகிற சாலைத் தாண்டி, நேராக ஊருக்குள் நடந்து, தன்னைப் பலி கொடுக்க இருந்தவரை அங்கே கொண்டுவந்து சேர்த்தாள்.

மாமர்கஸ் மண்ணைத் துப்பிவிட்டு எழுந்தார். சாய்ந்த மரத்தின் கிளையில் அந்த மரங்கொத்தி இன்னும் உட்கார்ந்திருந்தது. வாழ்க்கையில் முதல் முறையாக அவர் ஒரு பறவையிடம் நேராகவே கேட்டார்.

"ஏம்ப்பா, காலையிலே எதுக்காக இந்த மரத்துல உட்கார்ந்தே?"

"புழு," என்றது மரங்கொத்தி. "அடிமரம் உளுத்துப்போச்சு. வேருக்குக் கீழே மண்ணே இல்லையே, மரம் எப்படி நல்லா இருக்கும்? உள்ளே பூரா புழு."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லையே, தலைவரே," என்றது மரங்கொத்தி.

மாமர்கஸ் பெருமை உள்ள மனிதர். பெருமை உள்ளவர்களுக்கு மன்னிப்புக் கேட்பது கஷ்டம். ஆனாலும் அவர் ஊர் முன்னால் ஆல்பாவின் காலடியில் குனிந்து, அவள் குளம்பில் ஒட்டிய மண்ணைத் துடைத்தார். "உன்மேல விழுந்த அந்தச் சொல்லை ஊரே மறக்கும்படி செய்றேன். இனி யாரும் தேலீரத்னு சொல்லக் கூடாது. சொன்னா தண்டனை," என்றார்.

ஆல்பா தலையைத் தூக்கினாள். "வேண்டாம். அது என் சொல்லு. இருக்கட்டும்."

"உன்னைத் திட்டின சொல்லு அது."

"நான் சாலை விட்டு விலகினது உண்மைதானே. அதுல எனக்கு வெட்கம் ஒண்ணும் இல்லை. தப்பான கோட்டுல நேரா நடந்திருந்தா, அதுக்குத்தான் வெட்கப்பட்டிருப்பேன். சொல்லிக்கிட்டே இருங்க. ஆனா யாரையாவது பார்த்து அதைச் சொல்றதுக்கு முன்னால ஒரு தடவை குனிஞ்சு மண்ணைப் பாருங்க."

அதுதான் ஆல்பா கடைசியாகப் பேசிய பேச்சு. வாயால் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை, காலால் சொன்னது ஊரைக் காப்பாற்றியது. இனி எதற்கு வாய் என்று அவள் அசைபோடத் தொடங்கினாள். மற்ற மாடுகளும் அவளைப் பார்த்து அதையே செய்தன. பேச்சு அவற்றை விட்டு மெல்லப் போய்விட்டது.

அந்த ஆண்டு மழையில் ஆறு குன்றின் அடிவாரம்வரை ஏறி வந்து, மதிலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அன்று வடபக்கத்து வீட்டில் திதியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆல்பா என்றே பெயர் வைத்தார்கள். அந்த ஊர் மதில் மூன்று பக்கமும் நேராகப் போய், வடக்கில் மட்டும் உள்பக்கமாக ஒரு வளைவு வளைந்திருக்கும். கொத்தன் குடித்துவிட்டுக் கட்டினானா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊர்க்காரர்கள் கோபப்பட மாட்டார்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "அது எங்க ஆல்பா நடந்த தடம்," என்பார்கள். சுவரில் அந்த இடத்தைத் தொட்டுவிட்டுத்தான் கல்யாணப் பெண்ணை வீட்டுக்கு அழைத்துப் போவார்கள்.

சொல்லோ ஊரை விட்டு வெகுதூரம் போய்விட்டது. லத்தீன் பண்டிதர்கள் அதைத் 'தேலீராரே' என்று வினைச்சொல்லாக எழுதி வைத்துக்கொண்டார்கள். அரசர்கள் புத்தி கெட்டு நடந்தால் அந்தச் சொல். முதியவர்கள் பிதற்றினால் அந்தச் சொல். நம் ஊர் ஆஸ்பத்திரியில்கூட, காய்ச்சல் முற்றிய ஒருவர் சுவரைப் பார்த்துப் பேசும்போது, டாக்டர் சீட்டில், அந்தச் சொல்லிலிருந்தே பிறந்த டெலிரியம் என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகிறார். தான் எழுதியது ஒரு வெள்ளைப் பசுவின் நடை என்று அவருக்குத் தெரியாது. அந்தப் பசுவை நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மாடுகள் வாய் பேசாமல் அசைபோடுவதும், மாடு சாலை விட்டு விலகினால் நல்ல உழவன் கோலை ஓங்குவதற்கு முன் ஒரு தடவை குனிந்து மண்ணைப் பார்ப்பதும், ஆல்பா அந்த நாலாவது அடியை எடுத்து வைத்த அன்றிலிருந்துதான்.